மேல் வீட்டுச் சத்தம்: குடும்ப வன்முறையைத் தடுக்க நாம் என்ன செய்யலாம்?

முன்பு நான் குடியிருந்த வீட்டுக்கு மேல் வீட்டில் வாரம் ஒருமுறையாவது சத்தம் கேட்கும். முதலில் ஓர் ஆண் குரல், அப்புறம் ஏதோ விழும் ஓசை, அதற்கடுத்து டிவியின் ஒலி திடீரென்று கூடும். என்னை உறுத்தியது அந்த டிவிதான். எதையோ மூடி மறைக்கத்தான் ஒலியைக் கூட்டுகிறார்கள் என்று புரிந்தும் ஏழெட்டு மாதம் சும்மா இருந்தேன். ஒருநாள் குழாய்க் கசிவு பற்றிச் சொல்ல மேலே போனேன். உள்ளறைக் கதவில் முழங்கால் உயரத்தில் ஒரு காலண்டர் தொங்கியது. அவ்வளவு தாழ்வாக யாரும் காலண்டர் மாட்ட மாட்டார்கள். மின்விசிறிக் காற்றில் அது விலகியபோது, பின்னால் கதவுப் பலகை காலால் உதைத்த அளவுக்கு உடைந்திருந்தது. நான் பார்த்ததை அந்தப் பெண்ணும் பார்த்துவிட்டாள். இரண்டு பேரும் குழாயைப் பற்றியே பேசி முடித்தோம். நான் கீழே வந்துவிட்டேன்.

என்ன சொல்வது என்று அன்று எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு இந்தத் துறையில் வேலை செய்பவர்களிடம் கேட்டும், நானே சொதப்பியும் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். நீங்கள் போலீஸோ வழக்கறிஞரோ ஆக வேண்டியதில்லை. யாரையும் போய் மீட்டு வர வேண்டியதும் இல்லை. அடிக்கிறவர் முதலில் செய்யும் வேலை, அடிபடுகிறவரைத் தனியாக்குவது. அவள் முழுக்கத் தனியாகிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.

எழுத வசதியாக இருக்கும் என்பதால் ‘அவள்’, ‘அவன்’ என்று எழுதுகிறேன். அடிபடும் ஆண்களும் உண்டு, பிள்ளைகளிடம் அடி வாங்கும் பெற்றோரும் உண்டு. 60 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் ஓராண்டுக்குள் ஏதாவது ஒரு வகைக் கொடுமையைச் சந்தித்திருக்கிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதியவர்களை அடிப்பதைவிட, அவர்கள் பணத்தை எடுத்துக்கொள்வதும் மருந்து வாங்கித் தராமல் இருப்பதும் கண்ணில் படாமலே நடந்துவிடும்.

முதலில், எதைப் பார்க்கிறோம் என்று தெரிய வேண்டும்

பெண்களைப் பொறுத்தவரை, உலகம் முழுவதும் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையாவது உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார் என்று அதே நிறுவனம் 2021-ல் சொன்னது. பெரும்பாலும் கணவனோ காதலனோதான் அதைச் செய்கிறார். அப்படியென்றால் உங்களுக்குத் தெரிந்தவர்களிலும் யாராவது இருப்பார்கள்.

சண்டை எல்லா வீட்டிலும் உண்டு. சண்டையையும் வன்முறையையும் பிரித்துப் பார்க்க நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: இவர்களில் ஒருவர் மற்றவருக்குப் பயப்படுகிறாரா? ‘முடியாது’ என்று சொன்னால் என்ன நடக்குமோ என்ற பயத்திலேயே ஒருவர் தன் நாளை நடத்திக்கொண்டிருந்தால் அது வெறும் சண்டை அல்ல. ஒரு தடவைகூடக் கை ஓங்காமலே இந்தப் பயத்தை உண்டாக்க முடியும். சம்பளத்தை வாங்கி வைத்துக்கொள்வது, போனைத் தோண்டிப் பார்ப்பது, யாரோடு பேசினாய் என்று கணக்குக் கேட்பது, தூங்கவிடாமல் வாதம் செய்வது எல்லாம் இதில் அடங்கும். அமெரிக்க ஆய்வாளர் இவான் ஸ்டார்க் இதைப் பற்றி 2007-ல் விரிவாக எழுதினார். ‘அடித்தானா இல்லையா’ என்று மட்டும் பார்ப்பவர்களுக்கு விஷயத்தின் பெரும்பகுதி கண்ணுக்கே தெரியாது என்பது அவர் வாதம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 முதல் இப்படி அடக்கி ஆள்வது தனிக் குற்றம்.

வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தெரிவது சின்னச் சின்ன விஷயங்கள்தான். போன் அடித்த கையோடு பேச்சை நிறுத்திவிட்டு எடுப்பாள். எங்கே இருக்கிறாள் என்று காட்டப் படம் எடுத்து அனுப்புவாள். வருகிறேன் என்று சொல்லிக் கடைசி நேரத்தில் வர முடியவில்லை என்பாள், இது மூன்றாவது தடவையாக இருக்கும். அவன் பக்கத்தில் இருக்கும்போது ஒரு பதில் சொல்வாள், இல்லாதபோது வேறு பதில் சொல்வாள். இதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு முடிவுக்கு வர வேண்டாம். இவை சேர்ந்து வருகின்றனவா, நாளாக ஆகக் கூடுகின்றனவா என்று கவனியுங்கள்.

பேச்சை எப்படி எடுப்பது

தனியாக இருக்கும்போது, நேரில், அவசரம் இல்லாத நேரத்தில் பேசுங்கள். மெசேஜில் கேட்காதீர்கள். அந்தப் போனை அவனும் பார்ப்பான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ‘அவன் உன்னை அடிக்கிறானா?’ என்று நேரடியாகக் கேட்டால் பெரும்பாலும் ‘சேச்சே’ என்ற பதில்தான் வரும். நீங்கள் கண்ணால் கண்டதிலிருந்து தொடங்குங்கள்: “கொஞ்ச நாளா நீ நீயாவே இல்ல. எனக்குக் கவலையா இருக்கு. வீட்ல எல்லாம் சரியா இருக்கா?”

‘ஒண்ணுமில்லையே’ என்றால் தோண்ட வேண்டாம். “சரி. எப்ப பேசணும்னு தோணினாலும் என்கிட்ட பேசு. வேற யார்கிட்டயும் போகாது” என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். இது தோல்வி அல்ல. ஒருவருக்குத் தெரியும், அவர் கேட்டார் என்பது அவள் மனதில் பதிந்துவிட்டது. அடுத்த மாதமோ அடுத்த வருடமோ அது எழுந்து வரும்.

பேச ஆரம்பித்தால், குறுக்கே பேசாமல் கேளுங்கள். சொல்ல வேண்டியது மூன்றே வாக்கியம்: “நீ சொல்றத நான் நம்புறேன்.” “இதுக்கு நீ காரணமில்ல.” “இப்ப உனக்கு என்ன செஞ்சா உதவியா இருக்கும்?” மூன்றாவதுதான் கடினம். அறிவுரை சொல்லாமல் அங்கே நிறுத்த நம்மில் பலருக்கு வராது. எல்லா முடிவையும் வேறொருவர் எடுக்கும் வீட்டில் இருந்து வருகிறாள் அவள். நாமும் போய் முடிவெடுக்கத் தொடங்கினால், அவளுக்கு இன்னொரு அதிகாரி கிடைத்த மாதிரிதான்.

சொல்லக்கூடாதவற்றில் ‘கொஞ்சம் அனுசரிச்சுப் போ’, ‘குழந்தைங்க முகத்தைப் பாத்துப் பொறுத்துக்கோ’ போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை. ‘அவரா? அவ்வளவு நல்ல மனுஷனாச்சே!’ என்பது அந்தப் பட்டியலில் சேர்வதில்லை. ஆனால் நான் பார்த்தவரை அதிகம் காயப்படுத்துவது அதுதான். வெளியே அவன் கலகலப்பாகவும் உதவிக்கு ஓடி வருகிறவனாகவும் இருக்கலாம். அதனால்தான் தன்னை யாரும் நம்ப மாட்டார்கள் என்று அவள் இத்தனை நாள் வாய் திறக்கவில்லை. நீங்கள் வாயைப் பிளந்தவுடன் அந்தச் சந்தேகம் உறுதியாகிவிடும்.

அவள் பக்கம் நிற்கிறேன் என்று அவனைத் திட்டித் தீர்ப்பதும் வேண்டாம். இந்தத் தவறை நான் செய்திருக்கிறேன். ஒரு தோழி அழுதுகொண்டே வந்தபோது அவள் கணவனைப் பற்றி என்னென்னவோ சொன்னேன். பத்து நாளில் இருவரும் சமாதானமானார்கள். அதன்பின் ஒன்றரை வருடம் அவள் என்னிடம் பேசவில்லை. அவனைப் பற்றி நான் அப்படிப் பேசிய பிறகு, அடுத்த அடி விழுந்தபோது என்னிடம் வர அவளுக்கு எப்படி முகம் இருக்கும்? அவன் செய்ததைப் பற்றிப் பேசலாம். அவன் எப்பேர்ப்பட்டவன் என்ற தீர்ப்பை நம்மிடமே வைத்துக்கொள்ளலாம்.

‘ஏன் விட்டுவிட்டு வரவில்லை?’

இந்தக் கேள்வியை முதலில் நம் தலையிலிருந்து இறக்கி வைக்க வேண்டும். கையில் பணம் இருக்காது, குழந்தைகளைப் பிரித்துவிடுவான் என்ற பயம் இருக்கும், பழைய மாதிரி மாறிவிடுவான் என்ற நம்பிக்கையும் கூடவே இருக்கும். போய், திரும்பி வந்து, மறுபடி போய், இப்படிப் பல தடவை நடந்த பிறகே பலரால் முழுதாக வெளியேற முடிகிறது. மூன்றாம் தடவை திரும்பிப் போகும்போது நமக்குச் சலிப்பு வரும். சலிப்பு வரட்டும், அவள் முன்னால் அதைக் காட்டாமல் இருந்தால் போதும்.

இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை. வெளியேறுகிற நேரம்தான் மிக ஆபத்தான நேரம். பிடி நழுவுகிறது என்று தெரிந்ததும் அவன் எல்லை மீறலாம். ஆகவே ‘இப்பவே கிளம்பு’ என்று உணர்ச்சிவசப்பட்டுச் சொல்வது உதவி அல்ல.

எப்போது காத்திருக்கக் கூடாது

சில அறிகுறிகள் தெரிந்தால், பொறுமையாகப் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. முதலில் சொல்ல வேண்டியது கழுத்தை நெரிப்பது. ஒரு தடவை நெரித்திருந்தாலும் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்படி நெரிக்கப்பட்ட பெண் பிற்பாடு அதே ஆணால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் அதிகம் என்று 2008-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. பல நேரம் வெளியே தழும்பே இருக்காது. குரல் கம்முவது, விழுங்கும்போது வலிப்பது, கண்ணில் சின்னச் சிவப்புப் புள்ளிகள், நடுவில் கொஞ்ச நேரம் நினைவில்லாமல் போனது போன்றவற்றைக் கேளுங்கள். அன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். உள்ளே இரத்தக் குழாய் பாதிக்கப்பட்டிருந்தால் அதன் விளைவு சில நாள் கழித்தும் வரும்.

ஆயுதத்தைக் காட்டுவது, ‘கொன்னுடுவேன்’ என்பது, ‘நீ போனா நான் செத்துடுவேன்’ என்பது, கர்ப்பமாக இருக்கும்போது அடிப்பது, பின்தொடர்வது, அடி முன்பைவிட அடிக்கடி விழுவது ஆகியவையும் இதே வரிசைதான். ஜாக்குலின் கேம்ப்பெல் என்ற செவிலியர்-ஆய்வாளர் 1980-களிலேயே இப்படிப்பட்ட கேள்விகளைத் தொகுத்து, உயிருக்கு ஆபத்து எவ்வளவு என்று மதிப்பிட ஒரு படிவம் செய்தார். அதைப் பயிற்சி பெற்றவர்களோடு சேர்ந்து நிரப்புவது நல்லது. குடும்ப வன்முறைக்கான உதவி எண் பல நாடுகளில் இருக்கிறது. உங்கள் நாட்டு எண்ணை இன்றே தேடி வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்கப்பட்டவர்தான் அழைக்க வேண்டும் என்றில்லை, ‘என் தோழிக்கு இப்படி, நான் என்ன செய்யட்டும்?’ என்று நீங்களே கேட்கலாம்.

சேர்ந்து ஒரு திட்டம் போடுவது

அவள் விரும்பினால் மட்டும் இதைச் செய்யுங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்று, வங்கி விவரம், குழந்தைகளின் மருத்துவச் சீட்டு ஆகியவற்றின் நகல்கள், மாற்றுச் சாவி, ஒரு செட் துணி, கொஞ்சம் ரொக்கம். இவற்றை ஒரு பையில் போட்டு உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளச் சம்மதம் சொன்னாலே பெரிய உதவி. சண்டை முற்றும்போது சமையலறைக்கோ குளியலறைக்கோ போகாமல், வெளியே கதவு உள்ள அறையில் இருக்கப் பார் என்று பேசி வையுங்கள். ஒன்றில் கத்தி இருக்கும், மற்றதில் வெளியேற வழி இருக்காது.

ஒரு சங்கேத வாக்கியம் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாகப் போனில் பேசக்கூடிய, ஆனால் அடிக்கடி வராத ஒன்று. “அந்த நீலக் குடையை நாளைக்குக் கொண்டு வர்றியா?” என்று கேட்டால் போலீஸைக் கூப்பிடு என்று பொருள். கூப்பிடுவதா, நேரில் வருவதா என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். கோவிட் ஊரடங்கின்போது 2020-ல் கனடாவின் மகளிர் அறக்கட்டளை ஒரு கை சமிக்ஞையைப் பரப்பியது: உள்ளங்கையைக் காட்டி, கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற நான்கு விரல்களால் அதை மூடுவது. வீடியோ அழைப்பில் யாராவது இதைக் காட்டினால் பேச்சை மாற்றாமல், ‘ஆமா’ ‘இல்ல’ என்று மட்டும் பதில் சொல்லக்கூடிய கேள்விகளைக் கேளுங்கள்.

காயத்தின் படம், தேதி, நடந்தது என்ன என்ற குறிப்பு எல்லாம் பின்னால் வழக்குக்கு உதவும். அவள் சம்மதத்தோடு அவற்றை உங்களிடம் வையுங்கள், அவள் போனில் வேண்டாம். போன் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அவன் அவள் போனைக் கண்காணிக்கிறான் என்று தெரிந்ததும் எல்லாக் கடவுச்சொல்லையும் மாற்றி இருப்பிடப் பகிர்வை நிறுத்தத் தோன்றும். ஒரே நாளில் எல்லாம் அணைந்தால் அவனுக்கு உடனே தெரிந்துவிடும், கோபம் அவள் மேல் திரும்பும். அந்தப் போனை அப்படியே விட்டுவிட்டு, முக்கியமான தேடலையும் அழைப்பையும் உங்கள் போனில் செய்யச் சொல்லுங்கள்.

சத்தம் இப்போதே கேட்கிறது என்றால்

உளவியலாளர்கள் ஜான் டார்லியும் பிப் லட்டானேயும் 1968-ல் ஒரு பரிசோதனை வெளியிட்டார்கள். பக்கத்து அறையில் ஒருவருக்கு வலிப்பு வந்த மாதிரி குரல் கேட்கும். தான் ஒருவர் மட்டுமே கேட்பதாக நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் உதவிக்கு எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தபோது 31 சதவீதம்தான். பல குடும்பங்கள் இருக்கும் கட்டடத்தில் நடப்பதும் இதுவே. இருபது வீட்டுக்கும் கேட்கிறது, இருபது பேரும் வேறு யாராவது கூப்பிட்டிருப்பார்கள் என்று போர்வையை இழுத்துக்கொள்கிறார்கள். யாரும் கூப்பிடவில்லை என்றே நினைத்துக்கொண்டு நீங்கள் கூப்பிடுங்கள்.

உயிருக்கு ஆபத்து, ஆயுதம், குழந்தையின் அலறல் என்றால் நேராகப் போலீஸ்தான். நீங்கள் கதவுக்குள் போகவே கூடாது. அந்த அளவு இல்லை என்று தோன்றினால் சத்தத்தை இடைவெட்டுவதே போதும். இந்தியாவில் 2008-ல் தொடங்கிய ‘பெல் பஜாவோ’ இயக்கம் சொன்னது அவ்வளவுதான்: போய் அழைப்பு மணியை அடி. கதவு திறந்ததும் சண்டை பற்றிக் கேட்க வேண்டாம். கரண்ட் இருக்கிறதா, ஒரு போன் பண்ணிக்கொள்ளலாமா என்று ஏதாவது சாக்கு. வெளியே ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தாலே சில நேரம் ஓங்கிய கை இறங்கும். முடிந்தால் இன்னொருவரோடு சேர்ந்து போங்கள். ‘உங்க மனைவி கத்துறது கேட்டுச்சு’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், நீங்கள் போனதும் அதற்கான தண்டனை அவளுக்குத்தான். வீடியோ எடுத்து வலைத்தளத்தில் போடுவதும் அதே கதைதான்.

பெரியவர்களைக் கூட்டி இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பஞ்சாயத்து பேசும் வழக்கத்தை நான் முழுதாக எதிர்க்கிறேன். அங்கே அவள் உண்மையைச் சொன்னால், கூட்டம் கலைந்த பிறகு அவனோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும். சொல்லாவிட்டால், ‘பெருசா ஒண்ணுமில்ல’ என்று எல்லோரும் சேர்ந்து முத்திரை குத்திவிடுவார்கள்.

அடிப்பவன் நம் ஆள் என்றால்

அண்ணன், நண்பன், கூட வேலை செய்பவன். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். ஆனால் அவன் காதில் விழக்கூடிய குரல் நம்முடையதாக இருக்கவும் வாய்ப்புண்டு. குடிக்காமல், கோபமில்லாமல் இருக்கும்போது தனியாகப் பேசுங்கள். அவள் சொன்னதை ஒருபோதும் ஆதாரமாக எடுக்காதீர்கள். நீங்களே பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: “அன்னைக்கு எல்லார் முன்னாடியும் அவளை நீ பேசின விதம் எனக்குப் பிடிக்கல. குழந்தை பயந்து போய் நின்னுச்சு.”

‘கோபம் வந்தா எனக்கே தெரியாது’ என்பான். அவன் மேலதிகாரியும்தான் அவனைக் கோபப்படுத்துகிறார், அவரை அவன் அறைவதில்லை. குடியும் அப்படியே. நிலைமையை மோசமாக்கும், ஆனால் யாரை அடிப்பது என்று தேர்ந்தெடுப்பது குடி இல்லை. பல நாடுகளில் வன்முறையை நிறுத்த விரும்பும் ஆண்களுக்கான பயிற்சிகளும் தொலைபேசி உதவியும் இருக்கின்றன. அங்கே போகச் சொல்லுங்கள். போகிறேன் என்றால், ‘அவன் மாறிட்டான்’ என்று அவளிடம் போய்ச் சொல்லாதீர்கள். மாறியிருந்தால் அது முதலில் அவளுக்குத்தான் தெரியும்.

அடி விழுவதற்கு முன்னால்

இதுவரை சொன்னது தீப்பிடித்த பிறகு தண்ணீர் ஊற்றுவது. முன்னாலேயே தடுக்க முடியுமா? முடியும் என்று காட்டியது உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் நடந்த ‘சாசா’ திட்டம். அங்கே பேச்சாளர்களை இறக்குமதி செய்யவில்லை. அந்தந்தப் பகுதியில் வாழும் சாதாரண ஆண்களும் பெண்களும் பயிற்சி எடுத்துக்கொண்டு, வாசலிலும் சந்தையிலும் அக்கம்பக்கத்தாரிடம் அதிகாரம் பற்றிப் பேச்சுக் கொடுத்தார்கள்: வீட்டில் யார் கையில் அதிகாரம் இருக்கிறது, அதை வைத்து என்ன செய்கிறோம்? மூன்று வருடத்துக்குச் சற்றுக் குறைவாக நடந்தது. 2014-ல் வெளியான முடிவின்படி, திட்டம் நடந்த பகுதிகளில் துணைவரின் உடல்ரீதியான வன்முறை மற்றப் பகுதிகளைவிட 52 சதவீதம் குறைவாக இருந்தது.

அதற்குச் சமமாக நம்மால் செய்யக்கூடியது ரொம்பச் சின்னது, ஆனால் தினமும் செய்யலாம். மனைவியைத் ‘தட்டி வைக்கும்’ ஜோக் ஒன்று வாட்ஸ்அப் குழுவில் வந்தால் சிரிப்புப் பொம்மை போடாமல், “இதுல சிரிக்க என்ன இருக்கு?” என்று கேட்கலாம். அந்தக் கேள்வி ஒரு ஆணிடமிருந்து வந்தால் அதன் எடையே வேறு. பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக 1991-ல் கனடாவில் ஆண்கள் தொடங்கிய வெள்ளை ரிப்பன் இயக்கத்தின் அடிப்படையும் இதுதான்.

குழந்தைகள் விஷயத்தில், சொல்வதைவிடக் காட்டுவதுதான் பதியும். கோபம் வந்தால் அப்பா என்ன செய்கிறார், தவறு செய்தால் அம்மா மன்னிப்புக் கேட்கிறாரா என்று பார்த்துக்கொண்டே இருக்கின்றன. கூச்சப்படும் குழந்தையை ‘மாமாவுக்கு முத்தம் கொடு’ என்று தள்ளாதீர்கள். ‘வேண்டாம்’ என்றால் நிறுத்துவார்கள் என்ற பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

உங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட கதைகளைக் கேட்டபின் தூக்கம் வராது. அவள் பெயர் சொல்லாமல் யாரிடமாவது பேசுங்கள், உதவி எண்ணில் இருப்பவர்களிடம்கூடப் பேசலாம். இரவு இரண்டு மணிக்கு உங்களால் போன் எடுக்க முடியாது என்றால் அதையும் அவளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

மேல் வீட்டுக்கு நான் இரண்டாம் தடவையும் போனேன். அவன் வேலைக்குப் போன பிறகு, மறுபடியும் குழாயைச் சாக்காக வைத்து. கதவு பற்றி எதுவும் கேட்கவில்லை. “கீழ நான் பகல்ல தனியாத்தான் இருப்பேன். குழாய் விஷயமா எப்ப வேணும்னாலும் வாங்க” என்று மட்டும் சொன்னேன். நான்கு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மதியம் அவள் என் வாசலில் நின்றாள். “உங்க வீட்ல குழாய் கசியுதா?” என்றாள். குழாயைச் சரி செய்து எவ்வளவோ நாள் ஆகியிருந்தது.

“ஆமா, உள்ள வந்து பாருங்க” என்றேன்.